சிவப்பு உடை, வெள்ளைத் தாடி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நகரத்தில் வருடந்தோறும் நடக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா ஓட்டத்தில் முதல் முறையாகக் கலந்துகொண்டேன். ஓடுகிற எல்லோருக்கும் ஒரே சிவப்பு உடை, சிவப்புக் குல்லா, வெள்ளைத் தாடி.
2. ஆறு வயது மகள் தணிகாவும் என்னோடு ஓடினாள். குழந்தைகள் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது விதி.
3. கோட்டைக்கு ஏறும் மேட்டில் என் சிவப்புக் கால்சட்டையின் எலாஸ்டிக் அறுந்தது.
4. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தணிகாவின் கையைக் கொடுத்து, "கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.
5. மேலே போனபோது திடல் முழுக்கத் தாடிகள். அந்தப் பெண்ணைக் காணோம். தணிகாவைக் காணோம்.
6. தணிகா கிடைத்தாள். அடிபடவில்லை. அழவும் இல்லை. போலீஸ் கூடாரத்தில் போர்வை போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள்.
7. அவளை என்னிடம் உடனே தரவில்லை.

முதல் ஆறையும் திருத்தணியில் யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். ஏழாவது அவர்களுக்குப் புரியாது. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. இங்கே வரப்போகிற பெண்கள் யாராவது படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாட்டின் பெயரையும் நகரத்தின் பெயரையும் சொல்லவில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை. வட ஐரோப்பாவில் ஒரு துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிடும் ஊர்.

நாங்கள் வந்து எட்டு வருடம் ஆகிறது. கப்பல் இன்ஜின்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. என் கணவர் சேகர் ஆர்.கே.பேட்டைக்காரர். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணினிப் பிரிவில் இருக்கிறார். தணிகா இங்கே பிறந்தவள். எங்களோடு தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் இந்த ஊர்ப் பாஷைக்கு மாறிவிடுவாள். அவள் பேசும் வேகத்துக்கு எனக்குப் பாதிதான் பிடிபடும்.

ஓட்டத்துக்கு என்னை இழுத்தவள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி இங்கா. "நேரம் கணக்கிட மாட்டார்கள், ஜெயிப்பதும் இல்லை தோற்பதும் இல்லை. வேடம் போட்டால் போதும். உன் பெண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். எட்டு வருடத்தில் இந்த ஊர்க்காரர்களோடு நான் சேர்ந்து செய்தது மதியச் சாப்பாடு மட்டும்தான். பெயர் கொடுத்துவிட்டேன்.

உடை தபாலில் வந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு. தாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நைனா, அதாவது என் அப்பா, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாமா இது, மாலை போட்டுக்கினியா? தாடி இம்மா நீளத்துக்கு வளந்துகீது?"

"ஓட்டப் பந்தயம் நைனா."

"தாடி வெச்சிக்கினு ஓடறதா? எத்தினி பேரு?"

"ஊரே ஓடும்."

"எல்லாம் ஒரே கலரு, மேட்டுல ஏறணும், ஊரே ஏறும். அப்ப கிருத்திகைன்னு சொல்லு."

நைனா கேலிக்குச் சொன்னார். நான் அதை உள்ளுக்குள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

*

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை மஞ்சள். காவடியைத் தோளில் வைத்திருப்பவருக்குப் பிள்ளையைத் தூக்கக் கை கிடையாது. பால்குடத்தைத் தலையில் வைத்திருப்பவளுக்கும் கிடையாது. பக்கத்தில் யாருடைய கை சும்மா இருக்கிறதோ அந்தக் கைக்குப் பிள்ளை போகும். "யக்கா, கொஞ்சம் புடிங்க, மேல வந்து வாங்கிக்கிறேன்." பெயர் கேட்பதில்லை. நகரி பக்கத்துத் தெலுங்குக்காரராக இருந்தாலும் சரிதான். நான் சின்னவளாக இருந்தபோது அப்படிப் பல தோள்கள் மாறி, அம்மாவுக்கு முன்பே உச்சிக்குப் போய்விட்டேன். யாரோ வாயில் போட்ட கல்கண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள், வாங்கிக்கொண்டாள். யாரும் யாருக்கும் நன்றிகூடச் சொல்லவில்லை.

நைனா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் வண்டி. "புள்ளைய உள்ள தள்ளும்மா! உக்காந்துகினு இருக்கறவங்க வாங்கிக்கங்க!" என்று அவர் கத்துவது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளை சன்னல் வழியாக உள்ளே போகும். தாய் படியில் தொங்கிக்கொண்டு வருவாள். அம்மையார்குப்பத்தில் இறங்கும்போது பிள்ளை சன்னல் வழியாகவே வெளியே வரும். தன் வண்டியில் ஒரு பிள்ளைகூட மாறிப் போனதில்லை என்பது நைனாவின் பெருமை.

இது நல்ல வழக்கம் என்று வாதாட வரவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் பெயர் படிப்பார்கள். எல்லாப் பெயருக்கும் ஆள் வந்தார்களா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் அந்தப் பழக்கம் என் கையில் இருந்தது. அன்றைக்கு அந்தக் கை தானாக நீண்டது.

*

ஓட்டம் துறைமுகத்தில் தொடங்கி, கடைத்தெரு வழியாகப் போய், பழைய கோட்டைக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கும். காலையில் மெல்லிய பனி. தணிகாவுக்கு வாய் மூடவில்லை. "அம்மா, அங்க பாரு நாய் ஸாண்டா! அம்மா, அந்தக் குட்டிப் பாப்பாவுக்கும் தாடி!" இங்கா தன் மகனோடு முன்வரிசையில் போய்விட்டாள். நாங்கள் பின்னால் இருந்தோம்.

கடைத்தெருவிலேயே என் கால்சட்டை நழுவ ஆரம்பித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தணிகாவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேட்டில் பாதி ஏறியபோது எலாஸ்டிக் அறுந்தே போனது. உள்ளே தடித்த லெக்கிங்ஸ் போட்டிருந்தேன்தான். ஆனாலும் நாலு பேர் நடுவில் கால்சட்டை முழங்காலுக்கு இறங்கினால் எப்படி இருக்கும்? ஓரமாகப் போய் ஊக்கு குத்த இரண்டு கையும் வேண்டும். தணிகா நிற்க மாட்டேன் என்று இழுத்தாள்.

பக்கத்தில் ஒருவர், தன் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் பெண் என்று தெரிந்தது. மகனிடம் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். தணிகாவின் கையை அவர் கையில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். தாடிக்கு மேலே இரண்டு நீலக் கண்கள் மட்டும் தெரிந்தன. கையை மூடிக்கொண்டார்.

ஊக்கைக் குத்திவிட்டு நிமிர்ந்தேன். வழியில் கயிறு கட்டியிருந்தார்கள். மேலே நெரிசல் என்று, பின்னால் வந்தவர்களை வேறு சந்து வழியாகத் திருப்பிவிட்டார்கள். எனக்குப் பதற்றமே இல்லை. அதைத்தான் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மனதில் இருந்தது. சந்து வழியாக ஓடி, பாதிக்கு மேல் நடந்து, கோட்டைத் திடலுக்குப் போய் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். யாருக்கும் முகம் இல்லை.

"தணிகா" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த தாடிகள் திரும்பின. சிலர் கையை ஆட்டினார்கள். வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் மணியோசையோடு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சின்னக் குல்லாவாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது. அதன் தகப்பனார் என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

ஓட்டம் முடிகிற இடத்தில் இருந்த போலீஸ்காரரிடம் போனேன். இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"குழந்தை யாரோடு இருக்கிறாள்?"

"ஒரு பெண்ணோடு."

"அவரை எப்படி அடையாளம் காண்பது?"

"சிவப்பு உடை. வெள்ளைத் தாடி."

அவர் எழுதவில்லை. என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு முன்பே தெரிந்தவரா?"

"இல்லை."

"பெயர்?"

"கேட்கவில்லை."

"பிறகு எதை நம்பிக் கொடுத்தீர்கள்?"

"அவர் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

எனக்கு அது முழுமையான பதில். இப்போது அவர் எழுதினார். எழுதிவிட்டு, அதன் கீழே ஒரு கோடு போட்டார்.

கூடாரத்துக்குக் கூட்டிப்போனார். தணிகா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தாள். குல்லாவைக் கழற்றியிருந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மலையில் மொட்டை போட்டிருந்தோம். மூன்று வயதில் காய்ச்சலோடு அவளுக்கு வலிப்பு வந்தது. அப்போது அம்மா வேண்டிக்கொண்ட மொட்டை. முடி இப்போதுதான் மண்ணில் முளைவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளை விளக்கொளியில் அந்தத் தலை மிகச் சின்னதாகத் தெரிந்தது.

பக்கத்தில் இருந்த பெண் போலீஸ் அவளிடம் கேட்டார்: "இது உன் அம்மாவா?"

தணிகா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லவில்லை.

"தாடியைக் கழற்றுங்கள்" என்றார் அந்தப் போலீஸ் என்னிடம்.

அத்தனை நேரமும் நான் அதைக் கழற்றவே இல்லை. கழற்றினேன். தணிகா சிரித்துவிட்டு "அம்மா" என்றாள். ஆனால் முதலில் அவள் பதில் சொல்லாத அந்த இடைவெளி குறித்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

கூடார மூலையில் அந்தப் பெண்ணும் இருந்தார். அவரும் தாடியைக் கழற்றியிருந்தார். என்னைவிடச் சின்னவர். மேலே காத்து நின்று பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று தணிகாவைப் போலீசிடம் ஒப்படைத்தவர் அவர். வேறென்ன செய்ய முடியும்? நன்றி சொல்லப் போனேன். என்னைப் பார்த்ததும் தன் மகனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

பாவா பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்வரை தணிகாவைத் தரவில்லை.

*

மறுநாள் ஊருக்குப் பேசினேன்.

"புள்ளைய புடிச்சிக்கினு நிக்கறவ கிட்ட தராம வேற யார்கிட்ட தரது?" என்றார் நைனா. "நீ செஞ்சது கரெக்ட்டுதாம்மா."

"இங்க அப்படி இல்ல நைனா."

"இன்னா இல்ல? அந்தம்மா பத்திரமா வெச்சிருந்தாளா இல்லியா? ஆங்? அப்புறம் இன்னாத்துக்குப் போலீசு?"

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "மொட்ட போட்டதாலதான் புள்ள பத்திரமா கைக்கு வந்தா. அத்த நெனச்சிக்கோ. ரொம்ப ரோசன பண்ணிக்கினு இருக்காத."

அடுத்து வந்த கடிதத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. குழந்தைகள் நலனைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. வீட்டைப் பார்க்க வருவதாக ஒரு நாளும் நேரமும் குறித்திருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பாவா சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"முடி ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா பேன்னு சொல்லிடலாம் வாணி. இங்க ஸ்கூல்லயே பேனு, பேனுன்னு சீட்டு அனுப்பிக்கினு இருக்கான் இல்ல?"

"அவ ஏற்கெனவே சொல்லிட்டா பாவா."

"இன்னா சொன்னா?"

"கூடாரத்துல. முடிய சாமிக்குக் குடுத்துட்டாங்க, என்னை அந்த ஆன்ட்டிக்குக் குடுத்துட்டாங்கன்னு."

பாவா நடப்பதை நிறுத்தினார். "ரெண்டையும் சேத்தா சொன்னா?"

"சேத்துதான் எழுதிக்கினாங்க."

என் வேலையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அறிக்கை உண்டு. எதிர்பார்த்தது ஒரு பக்கம், நடந்தது ஒரு பக்கம். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடுவோம். காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த விஷயத்தில் காரணத்தைச் சொல்லச் சொல்ல வேலை கூடிக்கொண்டே போனது.

வந்தது இரண்டு பேர். நடுவயதுப் பெண் அதிகாரி ஒருவர், குறிப்பெடுக்க ஓர் இளைஞர். ஷூவை வாசலில் கழற்றினார்கள். தேநீர் குடித்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தணிகாவின் அறையைப் பார்த்தார்கள். கட்டில் நிறையப் பொம்மைகள் இருந்தன, படுத்த தடம் இல்லை. எங்கே தூங்குவாள் என்று அதிகாரி கேட்டார். எங்கள் நடுவில் என்றேன். இளைஞர் எழுதினார்.

மொழிபெயர்க்க ஒரு பெண் தொலைபேசியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு இந்த ஊர்ப் பாஷை அலுவலகம் நடத்தப் போதும், ஆனாலும் விதிப்படி தமிழில்தான் கேட்க வேண்டுமாம்.

"தங்கச்சி, அவை கேக்கினம், தெரியாத ஆளிட்ட பிள்ளையை ஏன் குடுத்தனீங்கள் எண்டு."

போலீஸ்காரர் அவர் பாஷையில் கேட்டபோது அது ஒரு கேள்வியாக இருந்தது. தமிழில் கேட்டபோதுதான் முதல் முறையாக அது குற்றச்சாட்டாகக் கேட்டது. கிருத்திகையைச் சொன்னேன். படிகள், காவடி, பஸ் சன்னல், எல்லாம் சொன்னேன். அந்த அக்கா பொறுமையாக மொழிபெயர்த்தார். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்படியானால் வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் இதைச் செய்வீர்களா?"

"இல்லை" என்றேன்.

"ஏன் இல்லை? உங்கள் ஊர் வழக்கம் என்கிறீர்கள். அது தவறு என்று நினைக்கிறீர்களா?"

எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் விழும்படியான கேள்வி அது. பாவா குறுக்கே புகுந்து, எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லோருக்கும் பொது, இங்கேதான் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறீர்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மொழிபெயர்க்கும் அக்காவின் குரல் தயங்கியது. "அண்ணை, ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்கோ. நான் எதையும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல ஏலாது" என்றார்.

கிளம்பும்போது அதிகாரி என் கையைக் குலுக்கினார். தணிகாவோடு தனியாகப் பேச வேண்டும், பள்ளியிலேயே பேசிக்கொள்கிறோம், நீங்கள் வர வேண்டியதில்லை என்றார்.

*

பள்ளியில் பேசிய அன்று தணிகா ஒரு நட்சத்திர ஸ்டிக்கரோடு வெளியே வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"என்ன பேசினீங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. குழந்தையிடம் எதையும் கேட்கக் கூடாது, சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். வீடு வரை நடந்தோம். அவள் பனியை மிதித்துக்கொண்டே வந்தாள். என் பெண்ணுக்கும் யாரோ ஒருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்திருந்தது. என் வீட்டைப் பற்றிய பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஜனவரியில். அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். சன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும் அறை. அந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்கள் மகள் ஒரு விஷயம் சொல்கிறாள். தன்னை நீங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினீர்கள் என்று. இதற்கு என்ன அர்த்தம்?"

பாவா சிரித்துவிட்டார். என்னால் அவரைத் தடுக்க முடியவில்லை.

நம் வீடுகளில் இதைக் கேட்காத பிள்ளை உண்டா? சாப்பிட அடம் பிடித்தால், கலர் கொஞ்சம் மட்டாக இருந்தால், சும்மா வம்புக்கு இழுக்க வேண்டும் என்றால், உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்பார்கள். என்னையும் சொன்னார்கள். நான் அழுதிருக்கிறேன், பிறகு நானே என் தம்பியைச் சொல்லி அழவைத்திருக்கிறேன். பாவா தணிகாவைக் கேலி செய்யும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். "ஆர்.கே.பேட்டை சந்தையில ஒரு படி தவிடு குடுத்து வாங்கினேன்டி உன்னை. தவிடும் போச்சு, மாடும் பட்டினி." அவள் அவர் முதுகில் ஏறிக் குத்துவாள். அதுதான் அவர்கள் விளையாட்டு.

இதையெல்லாம் விளக்கினேன். பிரசவம் நடந்தது உங்கள் ஊர் மருத்துவமனையில்தான், பதிவேட்டைப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"அவள் இங்கே பிறந்தது எங்களுக்குத் தெரியும்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "அது எங்கள் கேள்வி அல்ல. அவள் நம்புகிறாளா என்பதுதான் கேள்வி. தன்னை வாங்கியவர்கள் தன்னை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு மேட்டில் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? அவள் அழவே இல்லை என்று போலீஸ் எழுதியிருக்கிறது. நீங்கள் அதை நல்லது என்று எடுத்துக்கொண்டீர்கள்."

அவர் சொன்னது தவறு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாவாவின் முகம் அந்த அறையிலேயே மாறியது. அன்றிலிருந்து அவர் தணிகாவைக் கேலி செய்வதில்லை. "தணிகா, சாப்பிட்டாயா? வீட்டுப்பாடம் முடித்தாயா?" என்று பாடப்புத்தகத்தில் வருகிற அப்பா மாதிரி பேசுகிறார். அவள் முதுகில் ஏற வந்தால் மெதுவாக இறக்கி விடுகிறார். போன வாரம் அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்கு என் மேல கோவமா?"

"இல்ல கண்ணு."

"அப்ப தவிடு சொல்லச் சொல்லு."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவள் தன் அறையில்தான் தூங்குகிறாள். அது நாங்கள் ஏற்றுக்கொண்ட மாற்றங்களில் ஒன்று. ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. பொம்மைகளை எதிரெதிரே உட்காரவைத்து, இந்த ஊர்ப் பாஷையில் பேசவைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரியின் குரல் அச்சாக வந்தது, அந்த அமைதியோடு. முயல் பொம்மை ஏதோ கேட்டது. கரடி யோசித்தது. பிறகு பதில் சொன்னது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: "அம்மா", "எப்போதாவது", "கை". நடுவில் இருந்த வினைச்சொல் எனக்குத் தெரியாத சொல். அகராதியில் தேடலாம். கதவுக்கு வெளியே நின்று யோசித்துவிட்டு, தேட வேண்டாம் என்று முடிவு செய்தேன். கரடியின் பதிலை முயல் கையால் எழுதிக்கொண்டது.

இங்கா அலுவலகத்தில் இப்போது வேறு மேசைக்குச் சாப்பிடப் போகிறாள். அவளிடமும் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தெரியாது. பார்த்தால் சிரிக்கிறாள். ஆனால் தன் மகனின் பிறந்தநாளுக்குத் தணிகாவைக் கூப்பிடவில்லை.

"டிக்கெட்ட போட்டுக்கினு வந்துடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் நைனா, ஒரு வழியாக நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு. அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. "ஒரு மேட்டுல கைமாத்தி உட்டதுக்கா?" என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்கிறார். வர முடியாது நைனா என்றேன். விசாரணை முடியும்வரை குழந்தையை நாட்டை விட்டுக் கூட்டிப்போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவளுடைய பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. நைனா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா, "புள்ள சாப்டாளா?" என்றாள்.

இன்றைய நிலைமை இது. விசாரணை முடியவில்லை. முடிவு எதுவும் எழுத்தில் வரவில்லை. தணிகா எங்களோடுதான் இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வீட்டுக்கு வந்து, நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் வேலைக்குப் போகிறேன். எனக்கு ஒரு வக்கீல் இருக்கிறார், கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார், எப்போது முடியும் என்று கேட்டால் சொல்வதில்லை. அடுத்த சந்திப்பு வருகிற செவ்வாய்க்கிழமை. தணிகாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குச் சில நாட்களுக்கான மாற்றுத் துணி ஒரு பையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். வழக்கமான நடைமுறை என்றார்கள்.